யோகாவுக்கு இரண்டு கிரெடிட்

ஜூன் முதல் தேதியிலிருந்து பட்டம் இல்லாத யாரும் ஆய்வகத்தில் வேலை செய்யக்கூடாது என்று ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாத் துறைகளுக்கும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி அதை என்னிடம்தான் கொடுத்தார்கள். வேதியியல் ஆய்வகத்தில் பட்டம் இல்லாதவள் நான் ஒருத்திதான். என் பெயருக்கு நேராக நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த துறைக்குப் போனேன்.

என் பெயர் கலைமதி. மொரப்பூரிலிருந்து கல்லூரிப் பேருந்தில் இருபது நிமிடம் போனால் எங்கள் கல்லூரி. எட்டு வருடமாக அங்கே வேலை. காலையில் போனதும் அன்றைக்கு வேண்டிய கரைசல்களைத் தயாரிப்பேன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து இறக்கும் ப்யூரெட்டுகளைக் கழுவி மாட்டுவேன். பிள்ளைகள் வந்ததும், எந்த நிறம் வரும்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். பேராசிரியர்கள் வந்து வருகைப்பதிவு எடுப்பார்கள்.

பட்டம் எனக்கு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் நான்கு பருவம் முடித்திருந்தேன். ஒரு தாளிலும் அரியர் இல்லை. அம்மாவுக்குக் கைகால் விழுந்துபோனதும் படிப்பை நிறுத்திவிட்டேன். சுற்றறிக்கையின் கடைசி வரியில் ஒரு சலுகை இருந்தது. பட்டம் இல்லாவிட்டாலும், இறுதி ஆண்டு மாணவராகப் பதிவு செய்திருந்தால் வேலையில் தொடரலாம். மே முடிவதற்குள் எப்படியாவது மூன்றாம் ஆண்டில் சேர்ந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதே மாதம் கல்லூரியில் ‘முன்கற்றல் அங்கீகாரம் மற்றும் கிரெடிட் மாற்று மையம்’ திறந்தார்கள். வேறு கல்லூரியில் படித்த படிப்பையும், வேலை செய்து கற்றுக்கொண்டதையும் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டு பட்டத்தில் சேர்க்கும் திட்டம். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது இப்படி ஒரு மையம் இருந்தால் கல்லூரிக்குப் பத்து மதிப்பெண். மையத்துக்கு இடம் இல்லாததால், எங்கள் ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். அதைக் காலி செய்து கூட்டிப் பெருக்கியது நான்.

தாளாளர் பச்சியப்பன் ரிப்பன் வெட்டிப் பேசினார்.

“நான் எட்டாவதோட நின்னவன். இன்னிக்கி எனக்குக் கீழ பதினாலு டாக்டரேட் இருக்காங்க. அவுங்கள்ல ஒருத்தராவது எம் முன்னால உக்காந்து பாத்திருக்கீங்களா? அதான் அனுபவத்துக்கு இருக்கிற மருவாத. அனுபவம் இருக்கிறவங்கள இந்தக் காலேஜு கைவுடாது. யாருக்கு அனுபவம் இருக்குதுன்னு கண்டுபுடிக்க, அனுபவமே இல்லாத நல்ல கமிட்டியா பாத்துப் போட்டிருக்கறோம். அப்பதான் பாரபட்சம் வராது.”

பதினான்கு பேரும் நின்றபடியே கைதட்டினார்கள்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் சந்திரமோகன். வணிகவியல் பேராசிரியர். மையத்துக்கு வந்த முதல் விண்ணப்பம் என்னுடையது. அதற்குப் பிறகும் வேறு வரவில்லை. மூன்று படிகளாகக் கொடுத்தேன். ஒன்று மையத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. மூன்றாவதைத் தர மதிப்பீட்டுக் குழு பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

“பழைய காலேஜு பாடத்திட்டம் வேணும்மா” என்றார் சந்திரமோகன். “பக்கத்துக்குப் பக்கம் அவுங்க சீல் இருக்கணும்.”

“அந்தக் காலேஜ மூடிட்டாங்க சார்.”

“மூடுனா என்ன? பில்டிங் இருக்குமில்ல? போய்ப் பாருங்க.”

மொரப்பூரில் ரயிலேறிப் போனேன். கட்டடம் இருந்தது. கல்யாண மண்டபமாகியிருந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“வாங்க வாங்க. பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

“பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க.”

அவர் உள்ளே கையைக் காட்டினார். “கெமிஸ்ட்ரி லேப்புதான இப்ப சமையக்கட்டு. கேஸ் லைனு மொதல்லயே இருந்துச்சு, சவுரியமா போச்சு. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாம்.”

சாப்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். நான் கொண்டுபோயிருந்த பழைய பாடத்திட்டத்தின் நாற்பத்தாறு பக்கத்துக்கும் மண்டபத்தின் முத்திரையைக் குத்தி, தேங்காய் போட்ட தாம்பூலப் பையையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

சந்திரமோகன் அந்த முத்திரையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“ரவுண்டா இருக்கு. விதிப்படி ரவுண்டாதான் இருக்கணும். சரிம்மா.”

பிறகு இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்தார். எழுபத்தைந்து விழுக்காடு பொருந்தினால்தான் கிரெடிட் மாறும்.

“இங்க அணு அமைப்பு மொத பருவத்துல வருது. உங்களுக்கு ரெண்டாவது பருவத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“அதே அணுதாங்க சார்.”

“அணு அதேதாம்மா. நான் இல்லேன்னு சொல்லல. பருவம் வேறயாச்சே.”

அணுவை அடித்தார்.

“கரிம வேதியியல் இங்க அஞ்சு அலகு. உங்களுக்கு நாலு. ஒண்ணு கொறையுது.” அதையும் அடித்தார். “இயற்பிய வேதியியல் உங்களுக்கு ஆறு. ஒண்ணு அதிகமா படிச்சிருக்கீங்க. அதிகமா படிச்சத நாங்க எங்க கொண்டுபோய் வெக்கிறது, சொல்லுங்க?”

அதையும் அடித்தார். மாலை நான்கு மணிக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே ‘யோகாவும் நல்வாழ்வும்’ என்று ஒரு தாள் இருந்தது.

“இது நடத்துனாங்களா?”

பொய் சொல்ல எனக்கு வராது. “இல்லீங்க சார். ஒரு நாள்கூட நடக்கல. பாஸுன்னு மட்டும் போட்டுக் குடுத்தாங்க.”

அவர் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. “இங்கயும் அப்படித்தாம்மா! நூத்துக்கு நூறு பொருந்துது பாருங்க.”

தொண்ணூற்றிரண்டு கிரெடிட் கொண்டுபோனேன். இரண்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டில் சேர எண்பது வேண்டும்.

“மீதி எழுபத்தெட்ட முன்கற்றல்ல புடிச்சிரலாம்” என்று சந்திரமோகன் தைரியம் சொன்னார். “எட்டு வருசம் லேப்ல இருந்திருக்கீங்க. ஆபீசுல ஒரு அனுபவச் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க.”

அலுவலகக் கண்காணிப்பாளர் பானுமதி மேடம் பணியாளர் பதிவேட்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார்.

“கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்ட்டு மாதேஸ்வரன்னு இருக்கே.”

“அவரு நம்ம பஸ் டிரைவருங்க மேடம்.”

“பஸ் ஓட்றாரு. போஸ்ட்டு லேப் அசிஸ்டெண்ட்டு. அவர எடுத்தப்ப டிரைவர் போஸ்ட்டு காலியில்ல, இதுதான் இருந்துச்சு. பன்னண்டு வருசமா அப்படியே ஓடுது.”

“அப்ப நான் யாருங்க மேடம்?”

அவர் மூன்று பக்கம் தள்ளிப் போனார். “இந்தா இருக்க. தோட்டப் பராமரிப்பு.”

“நம்ம காலேஜுல தோட்டம் எங்கங்க இருக்கு?”

“இல்லதான். எட்டு வருசத்துல உன் வேலையில ஒருத்தரும் கொற சொன்னதில்ல பாரு” என்றார் பானுமதி மேடம். அன்பாகத்தான் சொன்னார். தோட்டப் பராமரிப்பில் எட்டு ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார் என்று சான்றிதழும் தட்டச்சு செய்து கொடுத்தார்.

அதைப் படித்துவிட்டு சந்திரமோகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவ வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார். அவருக்கு உதவி செய்யத் தோன்றும்போதெல்லாம் ஒரு விதி ஞாபகம் வந்துவிடும்.

“சான்றிதழ் இல்லாட்டியும் ஒரு வழி இருக்கு. செய்முறைத் தேர்வு. அதுல தேறிட்டா எழுபத்தெட்டும் உங்களுக்குத்தான். ஆனா ஒரு சிக்கல். முன்கற்றல்னா முன்னாடியே முடிஞ்சுபோன கற்றல். நீங்க இன்னும் தெனம் லேப்புல வேல பாத்துக்கிட்டே இருக்கீங்க. இது நடப்புக் கற்றல் ஆயிருதே.”

“நான் என்ன பண்ணட்டும் சார்?”

“ஒரு வாரம் கத்துக்காம இருங்க.”

தேர்வு மே இருபத்தெட்டாம் தேதி என்று முடிவானது. அதுவரை ஏழு நாள் நான் ஆய்வகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. தேர்வு, கரைசலில் எவ்வளவு மெக்னீசியம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வருடா வருடம் பிள்ளைகளுக்கு அந்தக் கரைசலைத் தயாரித்து, அதன் விடையையும் ஒரு தாளில் எழுதித் தேர்வாளரிடம் கொடுப்பவள் நான்தான். இந்த முறை விதிப்படி ஆய்வக உதவியாளர் தயாரிக்க வேண்டும். பதிவேட்டின்படி ஆய்வக உதவியாளர் மாதேஸ்வரன்.

“அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்களே சார்.”

“அதான். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். உங்கள வுட்டா வேற யாருக்குத் தெரியும்?”

தேர்வுக்கு என்ன தயாராகிறது என்று எனக்குத் தெரியாது என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். அதே தாளின் பின்பக்கம் தயாரிக்கும் முறையை எழுதி மாதேஸ்வரனிடம் கொடுத்தேன்.

மாதேஸ்வரனுக்கு ஐம்பது வயது. பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரர். அன்று மாலை மொரப்பூர் வந்து எல்லாரும் இறங்கிய பிறகு, பேருந்தை ஓரங்கட்டிவிட்டு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா கலை, எனக்குத் தெரிஞ்ச ஆசிட்டு பேட்டரி ஆசிட்டு ஒண்ணுதான். இதுல என்னைய எதுக்கு இழுத்து வுடறாங்க?”

“பயப்படாதீங்கண்ணா. இந்த உப்ப எட போட்டு, தண்ணில கரச்சு, கழுத்துல இருக்கிற கோடு வரைக்கும் ரொப்பணும். அவ்வளவுதான்.”

“ஒரு மசுரு கூடுச்சுன்னா?”

“கூடாதுண்ணா. பாத்து சொட்டுச் சொட்டா ஊத்துங்க.”

“கூடுச்சுன்னா உன் வேல போயிருமா?”

அவர் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். “நாப்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு தொப்பூர் கணவாய் எறங்கியிருக்கறன். அப்பகூட இவ்வளவு பயம் இல்ல” என்றார்.

அந்த ஏழு நாளும் நான் தோட்டத்தில் இருந்தேன். அதாவது, தோட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

தேர்வு நாளன்று மாதேஸ்வரன் என் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். தோளில் இறுக்கியது. சந்திரமோகன் மேற்பார்வை. தேர்வரும் உதவியாளரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மெக்னீசியக் கரைசலில் இருபது மில்லி எடுத்து, நிறங்காட்டி போட்டேன். ஒயின் சிவப்பு வந்தது. ப்யூரெட்டைத் திறந்து, அதிலிருந்த சோதனைக் கரைசலைச் சொட்டவிட்டேன். இருபது மில்லி இறங்கியதும் நீலமாக வேண்டும். எட்டு வருடம் அப்படித்தான் ஆனது.

இருபது இறங்கியது. சிவப்பாகவே இருந்தது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்திரண்டில்தான் நீலம் வந்தது. இன்னொரு முறை செய்தேன். முப்பத்திரண்டு. மூன்றாவது முறையும் முப்பத்திரண்டு.

நிமிர்ந்து மாதேஸ்வரனைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பார்த்தார். காய்ச்சி வடித்த நீர் வைத்திருக்கும் கேன் ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குப் புரிந்தது. தண்ணீர் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. எட்டு வருடமாக என்னைத் தவிர யாரும் படிக்காத குறிப்பில் அதை எழுத வேண்டிய தேவை வந்ததில்லை.

எங்கள் கல்லூரி போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரே பாதி மெக்னீசியக் கரைசல்தான். குழாயைத் திறந்து இருபது மில்லி பிடித்து, அதையும் சோதித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது. முப்பத்திரண்டில் பன்னிரண்டு போனால் இருபது. மாதேஸ்வரன் உப்பைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார். ஒரு மசுரளவும் கூடவில்லை.

விடைத்தாளை எடுத்தேன். தேர்வாளரிடம் இருக்கும் தாளில் இருபது என்றுதான் இருக்கும். போன வருடம் நானே எழுதிக் கொடுத்த தாள் அது. இருபது என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ப்யூரெட்டில் முப்பத்திரண்டைப் பார்த்துவிட்டு இருபது என்று எழுதக்கூடாது என்பதைத்தான் எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேதியியல் மொத்தமும் அது ஒன்றுதான். முப்பத்திரண்டு என்று எழுதினேன். தண்ணீரிலிருந்து வந்தது பன்னிரண்டு என்று எழுதினேன். ஆகவே இருபது என்று முடித்தேன்.

வெளியே வந்ததும் மாதேஸ்வரன் பின்னாலேயே ஓடி வந்தார்.

“கலை, அந்தக் கேன் தண்ணிய பஸ் பேட்டரிக்கு ஊத்திட்டம்மா. எப்பவும் அங்கதான எடுப்பன். தண்ணிக்கு என்ன, தண்ணிதானன்னு போர் தண்ணி புடிச்சு ரொப்பிட்டன். பளிங்காட்டம் இருந்துச்சு. தப்பாயிருச்சா?”

“தப்பில்லண்ணா. கண்டுபுடிச்சிட்டன்.”

“கண்டுபுடிச்சிட்டியா! அப்ப பாஸுதான்” என்று கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி குழுவின் முடிவு வந்தது. நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

‘ஒரே கேள்விக்கு விண்ணப்பதாரர் மூன்று விடைகள் எழுதியுள்ளார். இவற்றில் ஒன்று சரியானது என்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால், குழாய்த் தண்ணீரைச் சோதிக்குமாறு அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் செய்வது அனுபவமின்மையையே காட்டுகிறது. மேலும், கல்லூரியின் குடிநீர் குறித்த தகவலை விடைத்தாளில் பதிவு செய்தது தர மதிப்பீட்டுச் சமயத்தில் தவிர்த்திருக்க வேண்டியது. கிரெடிட் இல்லை.’

இரண்டாவது பத்தியும் இருந்தது.

‘தேர்வுக்குரிய கரைசலை எவர் உதவியுமின்றித் தயாரித்த ஆய்வக உதவியாளர் திரு. மாதேஸ்வரனின் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தைக் குழு வியந்து நோக்குகிறது. விதிமுறைகளின் உச்சவரம்பு வரை அவருக்குக் கிரெடிட் வழங்கப்படுகிறது.’

உச்சவரம்பு என்று விதியில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆகவே முழுப் பட்டம். பள்ளிப் படிப்பும் முன்கற்றலாகவே கொள்ளப்பட்டது.

நுழைவாயிலில் பேனர் கட்டினார்கள். ‘எங்கள் மையத்தின் முதல் பட்டதாரி’ என்று மாதேஸ்வரனின் ஓட்டுநர் உரிமப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக சந்திரமோகனிடம் போனார்.

“சார், எனக்கு வேணாங்க. பத்தாவதே ரெண்டு வாட்டி போச்சு. வூட்ல சிரிக்கறாங்க. இத இந்தப் பொண்ணுக்குக் குடுத்துருங்க.”

“அப்படிக் குடுக்க முடியாதுங்க மாதேஸ்வரன். அவங்க கற்றல் வேற, உங்க கற்றல் வேற.”

“நான் ஒண்ணுமே கத்துக்கலைங்களே!”

“இது தன்னடக்கம்” என்றார் சந்திரமோகன் என்னிடம் திரும்பி. “படிச்சவங்ககிட்ட இதுதாம்மா அழகு.”

தர மதிப்பீட்டுக் குழு வந்தது. ஆய்வகத்தில் பட்டதாரி உதவியாளர் இருக்கிறாரா என்று கேட்டது. பானுமதி மேடம் பதிவேட்டைக் காட்டினார். பேருந்து வெளியே போயிருந்ததால் அவரை நேரில் காட்ட முடியவில்லை. பத்து மதிப்பெண் கிடைத்தது.

ஜூன் முதல் தேதியிலிருந்து எனக்கு வேலை இல்லை. தாளாளர் கூப்பிட்டனுப்பினார். நின்றேன்.

“அனுபவசாலிய இந்தக் காலேஜு கைவுடாதுன்னு அன்னிக்கே சொன்னனில்ல? ரெண்டு கிரெடிட்டு கையில இருக்குது. மொத வருசத்துல சேந்துக்க. யோகா கிளாசுக்கு நீ வர வேண்டியதில்ல.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “லேப்ப மட்டும் எப்பவும் போல பாத்துக்க. ஃபீஸ் வேணாம்” என்றார். சம்பளம் வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தார்.

இன்னொரு கல்லூரிக்குப் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். இங்கே ஏற்றுக்கொண்ட இரண்டு கிரெடிட் அங்கே செல்லாது. இங்கேயே முதல் வருடத்தில் சேர்ந்துவிட்டேன்.

முதல் செய்முறை வகுப்பு ஜூலையில் ஒரு புதன்கிழமை. ஆசிரியர் ஜெயபிரியா. சித்தேரி மலையிலிருந்து வந்து இதே கல்லூரியில் படித்த பெண். மாணவியாக வந்த முதல் நாள் பிப்பெட்டைப் பிடிக்கத் தெரியாமல் அழுதாள். நான்தான் விரலைப் பிடித்துக் காட்டினேன். இப்போது மேம்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேசையில் கரைசல்கள் இல்லை. யாரும் தயாரிக்கவில்லை. ஜெயபிரியா என்னைப் பார்த்தாள். நான் பொருள் அறைக்குள் போனேன். எடை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது வெளியே வருகைப்பதிவு எடுக்கும் சத்தம் கேட்டது.

“கலைமதி.”

“பிரசண்ட் மேம்” என்றேன் உள்ளேயிருந்து.

சத்தம் நின்றது. ஜெயபிரியா கதவருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, ஸ்டோர் ரூமுக்குள்ள ஸ்டூடண்ட்ஸ் வரக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நீங்க பிரசண்டுன்னு போட்டன்னா, நீங்க ஸ்டூடண்ட்டா இங்க நின்னதா ஆயிரும். ஆப்சென்ட் போட்டாத்தான் உங்களுக்கு சேஃப். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சரிங்க மேம்.”

“மேம்னு சொல்லாதீங்கக்கா.” கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். “இல்ல, புள்ளைங்க முன்னால சொல்லிருங்க.”

கரைசல்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு மேசையில் நிறம் மாறவில்லை என்று கூப்பிட்டார்கள். இன்னொன்றில் ப்யூரெட் ஒழுகியது. ஒரு பையன் கை தவறி மொத்தத்தையும் ஊற்றிவிட்டான். மேசை மேசையாகப் போனேன். மணி அடித்தது.

எல்லாரும் போன பிறகு ஜெயபிரியா குறிப்பேடுகளைத் திருத்தி அடுக்கினாள்.

“முப்பத்தொம்பது பேருக்கும் சரியா வந்திருக்குக்கா. உங்களுது ஒண்ணுதான் பாக்கி. எழுபத்தஞ்சு பர்சன்ட் வருகை இல்லாட்டி பரீட்சைக்கு வுட மாட்டாங்க. அடுத்த வாரமாவது லீவு போடாம வந்துருங்க.”

“சரிங்க மேம்” என்று சொல்லிவிட்டு, மதிய வகுப்புக்கான ப்யூரெட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன்.